டயானா வின் ஜோன்ஸ்: எதில் தொடங்கலாம்?

ஹாரி பாட்டர் முடிந்துவிட்டது, பிள்ளைக்கு அடுத்து என்ன வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் சொல்லும் பெயர், சிறுவர்களுக்கு மந்திரக் கதைகள் எழுதிய ஆங்கில எழுத்தாளர் டயானா வின் ஜோன்ஸ். பாதிப் பேருக்குத் தெரியாது. 'ஹௌல்ஸ் மூவிங் கேஸில்' என்றதும், "ஓ, மியாசாகி படமா!" என்பார்கள். ஜப்பானிய இயக்குநர் மியாசாகி எடுத்த அந்த அனிமேஷன் படம் 2004. புத்தகம் 1986-லேயே வந்துவிட்டது. ஜோன்ஸ் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தபோது ஒரு பையன், நகரும் கோட்டை என்று ஒரு கதை எழுதுங்கள் என்று கேட்டானாம். அங்கே பிறந்த யோசனை. படம் எனக்கும் பிடிக்கும், ஆனால் அதை மறந்துவிட்டுத்தான் இதைப் படிக்க வேண்டும். படத்தில் பெரிதாக வரும் போர், புத்தகத்தில் பேச்சளவில்தான்.

நான் வீட்டுக்கு மூத்தவள், எனக்குக் கீழே இரண்டு தங்கைகள். அதனால் முதல் பக்கமே என்னைப் பிடித்துக்கொண்டது. கதை நடக்கும் இங்கரி நாட்டில், மூன்று பேரில் மூத்ததாகப் பிறந்தால் உருப்பட வழியில்லை என்று ஊரே நம்புகிறது. மூத்த பெண் சோஃபியும் நம்புகிறாள். தொப்பிக் கடையில் தைத்துக்கொண்டு, தைத்த தொப்பிகளோடு பேசிக்கொண்டு காலம் தள்ளுகிறாள். ஒரு நாள் ஒரு சூனியக்காரி வந்து அவளைக் கிழவியாக்கிவிட்டுப் போகிறாள். சோஃபி ஊரைக் கூட்டவில்லை. கண்ணாடியைப் பார்த்து, பரவாயில்லை, ஆரோக்கியமாகத்தான் இருக்கிறாய் என்று சொல்லிக்கொள்கிறாள். ரொட்டியும் சீஸும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள்.

கிழவியான பிறகு அவளுக்கு வரும் வாயைப் பார்க்க வேண்டுமே! அவள் போய்ச் சேரும் நகரும் கோட்டை மந்திரவாதி ஹௌலுடையது; அங்கே அடுப்பில் கால்சிஃபர் என்று ஒரு நெருப்புப் பூதம். ஹௌலைத் தவிர யாருக்கும் பணியாது. இவள் அதட்டுகிற அதட்டலில் அது தலையைக் குனிய, மேலே வாணலியை வைத்து பேக்கன் வறுக்கிறாள். ஹௌலோ குளியலறைக்குள் போனால் மணிக்கணக்கில் வெளியே வரமாட்டான். தலைமுடிச் சாயம் மாறிப்போன துக்கத்தில் வீடெல்லாம் பச்சைக் கூழாக வழிய விடுகிறான். (சளி பிடித்தால் அவன் பண்ணும் அலப்பறை தனி. அண்ணன் தம்பி, புருஷன் என்று யாரோடாவது குடித்தனம் நடத்தியவர்களால் சிரிக்காமல் படிக்க முடியாது.)

ஜோன்ஸும் மூன்று பெண்களில் மூத்தவர்தான். அவருடைய அப்பா மகா கருமி. ஆர்தர் ரான்சமின் சிறுவர் கதைகளை ஒரு செட்டாக வாங்கி உயரமான அலமாரியில் பூட்டி வைத்து, கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் மூன்று பேருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று எடுத்துக் கொடுப்பாராம். புத்தகம் இல்லாத வீட்டில் அக்காவே நோட்டு நோட்டாகக் கதை எழுதித் தங்கைகளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். இவர் கதைகளில் பெரியவர்களை ஏன் அவ்வளவு லேசில் நம்ப முடிவதில்லை என்று இதைப் படித்ததும் புரிந்தது.

சரி, எதை வாங்குவது? வீட்டில் மூத்த பிள்ளை என்றால் யோசிக்காமல் ஹௌல். இளையது என்றால் 'சார்ம்ட் லைஃப்'. 1977-இல் வந்தது, அடுத்த ஆண்டு சிறுவர் நூல்களுக்கான கார்டியன் பரிசு வாங்கியது. அக்கா க்வெண்டலினின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரியும் கேட் என்ற பையனின் கதை. அந்த அக்கா எப்பேர்ப்பட்டவள் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் என் தங்கைகளுக்கு அந்தப் புத்தகம் ரொம்பப் பிடித்துப்போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. இரண்டையும் பத்து, பதினோரு வயதில் தொடங்கலாம்.

இவருடைய 'ஃபயர் அண்ட் ஹெம்லாக்' நாவலை அவசரப்பட்டு வாங்காதீர்கள். அதன் முடிவு பெரியவர்களையே குழப்பும், பதினைந்துக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம். அப்புறம், ஃபேண்டஸி நாவல்களாகப் படித்துத் தள்ளும் அண்ணன்மார்களுக்கு 'தி டஃப் கைட் டு ஃபேண்டஸிலேண்ட்'. அந்த வகைக் கதைகளின் தேய்ந்த வழக்கங்களையெல்லாம் சுற்றுலாக் கையேடு மாதிரி அகர வரிசையில் அடுக்கிக் கிண்டல் செய்திருக்கிறார். வெந்து முடியவே மணிக்கணக்காகும் ஸ்டூவையே காட்டில் பயணம் போகிறவர்கள் ஏன் எப்போதும் தின்கிறார்கள் என்று அதில் ஒரு பதிவு உண்டு. முதலில் அதைப் புரட்டுங்கள்.