தொட்டால் அவுட் இல்லை

எட்டாம் வகுப்புக்குக் கபடி சொல்லிக்கொடுத்த முதல் வருடம், உடற்கல்வி ஆசிரியருக்கான பி.பி.எட். படிப்பில் கற்ற வரிசையிலேயே போனேன். இரண்டு வாரம் கணுக்கால் பிடி, தொடைப் பிடி. எதிரே ஒருவன் சிலைபோல நிற்பான், இவன் குனிந்து அழகாகப் பிடிப்பான். ஆட்டம் தொடங்கியதும் எல்லாம் காற்றில் போய்விடும். பாடி வருபவனைக் கண்டதும் ஏழு பேரும் ஏழு திசைக்குத் தெறிப்பார்கள்.

ஒரு மதிய இடைவேளையில் அதே பையன்கள் மரத்தடியில் கிளித்தட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். கோடுகளில் நின்று மறிப்பவர்களின் கையில் படாமல் கட்டங்களைக் கடக்கும் ஆட்டம் அது. மறிப்பவர்களில் ஒருவனும் தன் கோட்டிலிருந்து விலகவில்லை. உள்ளே வருபவன் தோளை இடப்பக்கம் ஆட்டிவிட்டு வலப்பக்கம் பாயப் பார்க்கிறான். மறிப்பவன் ஏமாறவில்லை, கண் அவன் இடுப்பில். நான் தொண்டை கிழியக் கத்தியது இதைத்தானே!

மறுநாள் கபடி பீரியடில் சுண்ணாம்புத் தூளால் கிளித்தட்டுக் கட்டம் போட்டேன். "சும்மா விளையாட விடுறீங்களே சார்" என்றார் சக ஆசிரியர் ஒருவர். போர்ஷன் முடியவில்லை என்று பி.டி. பீரியடைக் கடன் கேட்பவரும் அவர்தான்.

ஒரு வாரம் கழித்துக் கபடிக்குத் திரும்பினோம். சிதறி ஓடுவது குறைந்திருந்தது. ஆனால் புது வம்பு: பாடி வருபவன் முதுகில் ஓங்கித் தட்டிவிட்டு, "அவுட் சார்!" என்று என்னைப் பார்த்தார்கள். கிளித்தட்டில் தொட்டால் போதும். கபடியில் தொட்டுவிட்டுப் பிடிக்காமல் விட்டால், அவன் நடுக்கோடு திரும்பியதும் தொட்டவன்தான் வெளியே. தப்பைப் பழக்கிவிட்டவன் நானேதான்.

கிளித்தட்டின் விதியை மாற்றினேன். தொட்டால் அவுட் இல்லை. இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்து "ஒண்ணு, ரெண்டு" எண்ணி முடிக்க வேண்டும். நடுக்கோட்டில் ஓடும் 'கிளி' என்ற மறிப்பவன் உதவிக்கு வரலாம். "அப்போ கிளிதான் சார் கவரா?" என்றான் ஒருவன். கபடியில் ஓரத்தில் நிற்கும் கார்னர் பிடித்ததும், உள்பக்கம் நிற்கும் கவர் உதவிக்குப் பாய வேண்டும் என்பதை நான் அதுவரை கரும்பலகையில் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன்.

ஆட்டத்தை முன்னால் வை, தேவை வரும்போது திறனைச் சொல்லு என்று லஃபரோ பல்கலைக்கழகத்தின் டேவிட் பங்கரும் ராட் தோர்ப்பும் 1982-லேயே எழுதியிருந்தது பிறகுதான் கண்ணில் பட்டது.

மாதக் கடைசியில் ஒருவன் மூச்சிரைக்க வந்தான். "இடுப்பைப் பிடிச்சா இழுத்துக்கிட்டே போயிடுறான் சார். வேற எங்க பிடிக்கிறது?"

அன்றைக்குத்தான் கணுக்கால் பிடியை மறுபடி எடுத்தேன். ஒரே பீரியட் போதுமானதாக இருந்தது.