எருசலேமுக்கு ஏறும் 15 நாட்கள்

எரிகோ, கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 250 மீட்டர் கீழே கிடக்கிறது. எருசலேம் சுமார் 750 மீட்டர் உயரத்தில். இடையில் 25 கிலோமீட்டருக்குச் சற்று மேல், பெரும்பாலும் வறண்ட மேட்டுப் பாதை. கலிலேயாவிலிருந்து பண்டிகைக்குப் போன குடும்பங்கள் பல இந்த ஏற்றத்தில் மூச்சு வாங்கியவைதான். அப்படி ஏறியவர்கள் பாடியதாகக் கருதப்படும் 15 பாடல்கள், சங்கீதம் 120 முதல் 134 வரை, நம் வேதாகமத்தில் வரிசையாக இருக்கின்றன. தலைப்பில் 'ஆரோகண சங்கீதம்', அதாவது ஏறும்போது பாடும் பாடல், என்றிருக்கும். கத்தோலிக்கர் திருப்பயணப் பாடல்கள் என்பார்கள். ஆலயத்தில் பெண்கள் பிராகாரத்திலிருந்து உள்ளே ஏற 15 படிகள் இருந்தன என்றும், அவை இந்த 15 பாடல்களுக்கு ஒத்தவை என்றும் யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது.

மொத்தம் 101 வசனங்கள். நாளுக்கு ஒரு படி என்று ஏறினால், ஜெபம் வறண்டுபோன ஒருவருக்கு இதைவிட நல்ல யாத்திரை இல்லை. வீட்டை விட்டு நகரவே வேண்டாம்.

புறப்படும் முன் மூன்றைத் தீர்மானித்துவிடுங்கள்: எந்த நேரம், எந்த இடம், எவ்வளவு நேரம். 12 நிமிடம் போதும். இரண்டு நிமிடம் வாய் பேசாமல் உட்காருவது. நான்கு நிமிடத்தில் சங்கீதத்தை இரண்டு முறை சத்தமாக வாசிப்பது. நான்கு நிமிடம் அதே சங்கீதத்தின் சொற்களை எடுத்து ஜெபிப்பது. கடைசி இரண்டு நிமிடத்தில் ஒரே ஒரு வரி எழுதுவது. முதல் நாளே ஒரு மணி நேரம் என்று பொருத்தனை செய்கிறவர்கள் நான்காம் நாள் காணாமல் போகிறார்கள். பக்திக் குறைவு என்று அதைச் சொல்ல முடியாது. பழகாத கால் முதல் நாளிலேயே மலை முழுதும் ஏறப் பார்த்ததுதான். வேதாகமம் அச்சுப் புத்தகமாக இருக்கட்டும். கைபேசியில் வாசித்தால் ஏழாம் வசனம் வருவதற்குள் ஏதாவது ஓர் அறிவிப்பு மணி அடிக்கும்.

முதல் படியான 120 பலரை ஏமாற்றும். துதி இருக்காது. பொய் பேசும் நாவுகள், சண்டைக்காரர் நடுவே குடியிருப்பு, மேசேக், கேதார் என்று தூரத்துப் பெயர்கள். யாத்திரை தொடங்கும் இடம் அதுதான்: ஆலயத்திலிருந்து வெகு தொலைவில், அலுப்போடு. எனவே அன்றைய நான்கு நிமிடமும் முறையிடுங்கள். யாருடைய பேச்சு குத்தியதோ அவர் பெயரைச் சொல்லியே ஜெபியுங்கள். முதல் நாளிலேயே ஸ்தோத்திரத்தை வலிய வரவழைக்கப் பார்த்தால் ஜெபம் நடிப்பாகிவிடும்.

121-இல் கண் மலைகளை நோக்கி ஏறுகிறது, ஒத்தாசை கர்த்தரிடத்திலிருந்து வருகிறது. எட்டே வசனங்களில் 'காக்கிறவர்', 'காப்பார்' என்று ஒரே கருத்து ஆறு முறை திரும்பி வருகிறது. வாசிக்கும்போது அந்தச் சொல் வருமிடமெல்லாம் ஒரு கணம் நில்லுங்கள். வீட்டில் ஒருவர் பெயரை அங்கே வையுங்கள். விண்ணப்பப் பட்டியலை இழுத்துக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு இந்த நிறுத்தம் நல்ல மருந்து.

122 முதல் 126 வரை பாதை சமதளம் போல. 123 நான்கே வசனம், எஜமானின் கையைப் பார்த்திருக்கும் ஊழியக்காரரின் கண்கள். அன்று பேசுவதைக் குறைத்து மௌனத்தைக் கூட்டலாம்.

இடறல் வருவது பெரும்பாலும் இந்தச் சமதளத்தில்தான். ஒரு நாள் தவறும். மறுநாள் இரண்டு சங்கீதங்களை அடுக்கி வாசித்து ஈடுகட்டப் பார்ப்போம். அது வேண்டாம். ஜெபம் அப்போது பாக்கிக் கணக்காகிவிடும். பாக்கி ஏறினால் யாரும் அந்தப் பக்கமே போகமாட்டார்கள். விட்ட படியிலேயே நின்று தொடருங்கள். 15 நாள் பயணம் 19 நாள் ஆனால் ஆகட்டும்.

எண்ணம் அலைவது இன்னொன்று. கட்ட வேண்டிய பணம், பேச வேண்டிய ஆள் எல்லாம் மௌனத்தில்தான் நினைவுக்கு வரும். பக்கத்தில் ஒரு தாள் வைத்து ஒரே சொல்லில் குறித்துவிட்டுத் திரும்புங்கள். மறந்துவிடுவோமோ என்ற பயத்தால்தான் மனம் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எழுதியதும் பெரும்பாலும் விட்டுவிடும். தூக்கம் வந்தால் எழுந்து நின்று வாசியுங்கள். 'நீங்கள் நின்று ஜெபம்பண்ணும்போது' என்றுதானே இயேசுவும் மாற்கு 11:25-இல் சொல்கிறார்.

சாலொமோனின் பெயர் தாங்கிய 127-இல் அதிகாலையில் எழுந்து வருந்தி உழைப்பதும் விருதா என்றும், தமக்குப் பிரியமானவனுக்கு அவரே நித்திரை அளிக்கிறார் என்றும் இருக்கிறது. உறக்கத்தைக் கெடுத்து நாலு மணிக்கு எழுந்து பகலெல்லாம் எரிந்து விழுகிறவர்கள் இதை இரண்டு முறைக்குப் பதில் மூன்று முறை வாசிக்கலாம்.

129 கசப்பானது. முதுகின்மேல் உழுத படைச்சால், பகைவருக்குச் சாபம். இதைத் தாண்டிப் போகாதீர்கள். உள்ளே இருக்கும் கசப்பைக் கர்த்தர் முன் கொட்டாதவர் அதை வீட்டார் மேல் கொட்டுகிறார். அடுத்த படியே 130, ஆழங்களிலிருந்து கூப்பிடுவது. அங்கே பேச்சு நம் அக்கிரமத்துக்குத் திரும்பிவிடுகிறது. இந்த இரண்டும் அடுத்தடுத்து இருப்பதை நான் தற்செயலாக எண்ணவில்லை.

பின்பு மூன்றே வசனமுள்ள 131, பால்மறந்த குழந்தை. பால் குடிக்கும் பிள்ளை தாயிடம் எதையாவது தேடிக்கொண்டே இருக்கும். பால்மறந்தது சும்மா மடியில் இருக்கும். அன்று எதுவும் கேட்காதீர்கள். 12 நிமிடமும் உட்காருவதுதான் ஜெபம். கேட்டே பழகியவர்களுக்கு 15-இல் கடினமான நாள் இதுவே. 'ஒன்றும் உணரவில்லையே' என்று தோன்றினால் அதையே அன்றைய வரியாக எழுதிவிடுங்கள்.

132 நீளமானது, 18 வசனம். அதற்கு மட்டும் ஐந்து நிமிடம் கூட ஒதுக்குங்கள். 133-ஐ முடிந்தால் இன்னொருவரோடு வாசியுங்கள். சகோதரர் ஒருமித்து வாசம்பண்ணுவதைத் தனியாக உட்கார்ந்து பாடுவது கொஞ்சம் வேடிக்கை.

134-க்கு நேரத்தை மாற்றுங்கள். அது இராக்காலங்களில் ஆலயத்தில் நிற்கிற ஊழியக்காரருக்கான பாடல். விளக்கைக் குறைத்து, நின்றபடி, கைகளை உயர்த்தி வாசியுங்கள். முதல் நாள் எழுதிய வரியை அப்போது எடுத்துப் பாருங்கள். மற்ற 14 வரிகளையும் பார்க்கலாம். கேட்பது இனி எதுவும் இல்லை, ஸ்தோத்திரம் மட்டும்.

இஸ்ரவேலர் வருடத்தில் மூன்று முறை ஏறினார்கள்: பஸ்கா, வாரங்களின் பண்டிகை, கூடாரப் பண்டிகை. நீங்களும் அப்படியே மூன்று சுற்று வைத்துக்கொள்ளலாம். இடைப்பட்ட மாதங்களில் அதே நேரம், அதே நாற்காலி, வேறு வாசிப்பு. அடுத்த சுற்றில் 120 வரும்போது முன்பு எழுதிய பெயர் அதேதானா என்று தாளைப் புரட்டிப் பாருங்கள்.