பதினாலுக்கும் பதினெட்டுக்கும் நடுவே

திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுத்து, அதாவது மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் எங்களுடையது. பெரிய ஆர்டர் வேண்டுமென்றால் பையர் ஆடிட்டில், அதாவது துணி வாங்கும் கம்பெனி நடத்தும் சோதனையில், தேற வேண்டும் என்றார்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை உட்கார்ந்து படித்தது அதற்காகத்தான்.

14 வயதுக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். சிக்கல் அதற்கு மேலேதான். 1986ஆம் ஆண்டுச் சட்டத்தை 2016இல் திருத்தியபோது, 14 முடிந்து 18 முடியாதவர்களை வளரிளம் பருவத்தினர் என்று தனியாக வைத்தார்கள். சுரங்கம், வெடிபொருள், ஆபத்தான தொழில்கள் எதிலும் இவர்களைச் சேர்க்கக் கூடாது. மற்ற வேலைகளிலும் இடைவேளை, காத்திருக்கும் நேரம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 6 மணி நேரம்தான். இரவு 7 முதல் காலை 8 வரை வேலை இல்லை, ஓவர்டைம் அறவே கூடாது. எங்கள் ஊரில் ஒரு ஷிப்டே 8 மணி நேரம். ஷிப்மெண்ட் நெருங்கினால் ஒன்றரை ஷிப்ட். பதினாறு வயதுப் பெண்ணைக் கைமடிக்க உட்காரவைத்து, ஆறாவது மணியில் வீட்டுக்கு அனுப்பும் யூனிட் எங்கே இருக்கிறது? 18 முடியாதவர்களை எடுப்பதே இல்லை என்று முடிவு செய்தோம்.

முழுப் பரீட்சை லீவில் ஓவர்லாக் மெஷினில் துணி ஓரம் அடிக்கும் அக்கா ஒருவர் தன் பையனைக் கூட்டிவந்தார். அவன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தான். "வீட்ல தனியா உட்டுட்டு வர முடியாதுங்ண்ணா, சும்மாதான உக்காந்திருக்கான்" என்றார். குடும்பத் தொழிலில் பிள்ளைகள் பள்ளி நேரம் போக, லீவில் உதவலாம் என்று சட்டம் சொல்கிறதே என்று மேஸ்திரியும் சேர்ந்துகொண்டார். ஆனால் அந்த விலக்கு அவர்களுடைய சொந்தத் தொழிலுக்கு. அம்மா கூலிக்கு வேலை செய்யும் கம்பெனி அதில் வராது. கத்தரியை வாங்கி வைத்துவிட்டு, பிள்ளைகள் இருக்க ஆபீஸ் அறையை ஒதுக்கினோம். அந்த அக்காவின் கவலை நியாயமானது, அதற்கு வழி செய்யாமல் விதியை மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வயதுச் சான்றில்தான் நிறைய நேரம் போனது. பழைய ஆதார் சிலவற்றில் பிறந்த வருடம் மட்டுமே இருக்கும். அவர்களிடம் பள்ளி டி.சி. அல்லது பிறப்புச் சான்றிதழ் கேட்டு வாங்கினோம். தைத்த துணியைச் சரிபார்க்க ஆள் கூட்டிவரும் செக்கிங் காண்ட்ராக்டர் முதலில் முறைத்தார். "முதல் தடவையே 6 மாதம் முதல் 2 வருடம் வரை ஜெயில், 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம்" என்று காட்டினேன். அப்புறம் புது ஆள் கூட்டிவரும்போது அவரே டி.சி. ஜெராக்ஸோடுதான் வருகிறார்.