எல்லை உள்ள பள்ளியும் எல்லை இல்லாத பள்ளியும்

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, நவம்பர் மாதத்து வெள்ளிக்கிழமை இரவு ஒன்றில், பிட்ஸ்பர்க் நகருக்கு வெளியே ஒரு பள்ளி மைதானத்தின் அலுமினியப் பலகையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு அமர்ந்து, என் மகனின் அணி தோற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே ஃபுட்பால் என்பது நாம் அறிந்த கால்பந்தாட்டம் இல்லை. முட்டை வடிவப் பந்தை ஏந்தி ஓடியும் எறிந்தும், ஒருவர் மீது ஒருவர் முழு உடல் பலத்தோடு மோதியும் ஆடுகிற அமெரிக்க ஃபுட்பால். தாக்குவதற்குப் பதினொருவர், தடுப்பதற்குப் பதினொருவர் என்று தனித்தனிப் பிள்ளைகளை வைத்து ஆடுவதே முறை. ஆனால் எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் அதற்குப் போதுமான பிள்ளைகள் இல்லாததால், பந்து கைமாறியபோதெல்லாம் என் மகனும் இன்னும் ஏழெட்டுப் பேரும் மைதானத்திலேயே நின்றார்கள். எதிரணியான நகரத்துக் கத்தோலிக்கப் பள்ளியோ ஒவ்வொரு முறையும் களைப்பில்லாத புதிய பதினொருவரை அனுப்பியது. மூன்றாம் கால்பகுதி முடிவதற்குள் என் மகன் முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்து மூச்சு வாங்குவதைக் கண்டபோது, தோல்வியைப் பற்றிய கவலை போய், அவன் உடம்பைப் பற்றிய பயம் வந்துவிட்டது.

ஆட்டம் முடிந்ததும் எதிரணியின் பையன் ஒருவன் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு ஓடி வந்து என் மகனைக் கட்டிக்கொண்டான். அவன் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவன். எட்டாம் வகுப்பு வரை என் மகனோடு ஒரே அணியில் ஆடியவன். எங்கள் பகுதியின் மிகச் சிறந்த ஓட்டக்காரன். அவன் அங்கே போனதில் தவறு எதுவும் இல்லை. அவன் பெற்றோர் அவனுக்கு நல்லது என்று நினைத்ததைச் செய்தார்கள். ஆனால் எங்கள் பள்ளியால் அவர்கள் ஊரிலிருந்து ஒரு பையனைக்கூட அப்படி அழைத்துக்கொள்ள முடியாது என்பது அன்றிரவு எனக்கு முதல் தடவையாக உறைத்தது.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று தேடிப் படிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். பென்சில்வேனியாவில் பள்ளி விளையாட்டுகளை நடத்துவது பி.ஐ.ஏ.ஏ. என்ற சங்கம், 1913-இல் தொடங்கப்பட்டது. ஒரு காலத்தில் அது அரசுப் பள்ளிகளுக்கு மட்டுமானதாக இருந்தது. கத்தோலிக்கப் பள்ளிகள் தங்களுக்கெனத் தனிச் சங்கம் வைத்துக்கொண்டன. 1972-இல் மாநிலச் சட்டமன்றம் இயற்றிய சட்டம், தனியார் பள்ளிகளையும் பி.ஐ.ஏ.ஏ.-வில் சேர அனுமதிக்க வேண்டும் என்று சொன்னது. பிலடெல்பியாவின் கத்தோலிக்கப் பள்ளிகள் 2008 வரை விலகியே இருந்து, பிறகு சேர்ந்தன. இரு வகைப் பள்ளிகளையும் தனித்தனி இறுதிச்சுற்றுகளில் ஆடவிடுங்கள் என்று யார் கேட்டாலும், 1972-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை என்பதே சங்கம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் விளக்கம். இந்த விவாதத்தில் 'அரசுப் பள்ளி', 'தனியார் பள்ளி' என்ற சொற்களைவிட 'எல்லை உள்ள பள்ளி', 'எல்லை இல்லாத பள்ளி' என்ற சொற்களே அதிகம் புழங்குகின்றன. அவையே சரியான சொற்கள் என்றும் நான் நினைக்கிறேன், ஏனென்றால் சிக்கல் கட்டணத்தில் இல்லை, எல்லையில்தான் இருக்கிறது. அரசுப் பள்ளி தன் பள்ளி மாவட்டத்தின், அதாவது ஒரு வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளாட்சி அமைப்பின், எல்லைக்குள் குடியிருக்கும் பிள்ளைகளை வைத்தே அணி சேர்க்க வேண்டும். தனியார் பள்ளிக்கு அப்படி ஒரு கோடே கிடையாது.

பள்ளிகளை ஆண் மாணவர்களின் எண்ணிக்கைப்படி ஆறு பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு மாநிலச் சாம்பியனைத் தேர்ந்தெடுக்கும் முறை 2016-இல் வந்தது. மிகப் பெரிய பள்ளிகள் ஆடும் 6ஏ பிரிவில் அந்த ஆண்டு முதல் 2024 வரை நடந்த ஒன்பது இறுதிப் போட்டிகளில் ஏழில் வென்றது ஒரே பள்ளி: பிலடெல்பியாவின் செயின்ட் ஜோசஃப்ஸ் பிரெப். இயேசு சபையார் நடத்தும் ஆண்கள் பள்ளி அது. அந்தப் பள்ளியின் உழைப்பையோ பயிற்சியாளர்களின் திறமையையோ நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஒரு பெருநகரமும் அதன் சுற்றுவட்டாரமும் முழுவதும் தேர்வுக்களமாகத் திறந்திருக்கும் பள்ளியையும், வரைபடத்தில் கோடு போட்டு அடைத்த பள்ளியையும், இரண்டிலும் மாணவர் எண்ணிக்கை ஒத்துப்போகிறது என்பதற்காக ஒரே தராசில் நிறுத்துவது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை. ஆயிரம் பேர் படிக்கிறார்கள் என்பது முக்கியம்தான். அந்த ஆயிரம் பேர் எத்தனை லட்சம் பேரிடையிலிருந்து வந்தவர்கள் என்பது அதைவிட முக்கியம்.

இதே ஒன்பது ஆண்டுகளில் மீதி இரண்டு கோப்பைகளை வென்றவை அரசுப் பள்ளிகள்: 2017-இல் பைன்-ரிச்லண்ட், 2021-இல் மவுண்ட் லெபனான். இரண்டும் பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த வசதியான புறநகர்கள். பென்சில்வேனியாவில் பள்ளிகளுக்கான பணத்தில் பெரும்பங்கு அந்தந்தப் பகுதியின் சொத்துவரியிலிருந்து வருவதால், வீட்டு விலை உயர்ந்த இடத்தில் பள்ளியும் உயர்கிறது. இந்த நிதிமுறை மாநில அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று 2023 பிப்ரவரியில் மாநிலத்தின் காமன்வெல்த் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. ஆகவே அரசுப் பள்ளிகள் அனைத்தும் ஒரே வரிசையில் நின்று ஏழ்மையோடு போராடுகின்றன என்று எழுதினால் அது பொய்யாகிவிடும்.

இந்த விஷயத்தில் என் எண்ணத்தை முழுவதுமாகக் குழப்பியதும், பிறகு தெளிவுபடுத்தியதும் அலிக்விப்பா என்ற ஊர்தான். பிட்ஸ்பர்க்கிலிருந்து ஒஹையோ ஆற்றின் வழியே வடமேற்கில் போனால் வரும் சிற்றூர் அது. இன்று சுமார் 9,000 பேர் வாழ்கிறார்கள். ஜோன்ஸ் அண்ட் லாஃப்லின் எஃகு ஆலை ஆற்றங்கரையில் மைல்கணக்கில் நீண்டு கிடந்த காலத்தில், அந்த ஊரே ஆலைக்காகக் கட்டப்பட்டதுதான். 1980-களில் ஆலை ஓய்ந்ததும் வேலையும் கடைகளும் போயின, மக்களும் போனார்கள். போகாமல் நின்றது பள்ளியின் ஃபுட்பால் அணி. மைக் டிட்கா, டை லா, டரெல் ரீவிஸ் என்று மூன்று பேர் அந்த ஒரே பள்ளியிலிருந்து தொழில்முறை ஃபுட்பாலின் புகழ் மண்டபத்துக்குப் போயிருக்கிறார்கள். இவ்வளவு சிறிய ஊருக்கு இப்படி ஒரு பெருமை வேறு எங்காவது உண்டா என்று நான் வியந்ததுண்டு.

தனியார் பள்ளிகளின் ஆதிக்கம் பற்றிய புகார்கள் பெருகியதால் 2018-இல் பி.ஐ.ஏ.ஏ. ஒரு சூத்திரம் கொண்டுவந்தது. இறுதிச்சுற்றுகளில் ஓர் அணி எவ்வளவு தூரம் போகிறதோ அதற்கேற்ற புள்ளிகள் சேரும். இரண்டு ஆண்டுகளில் 6 புள்ளிகள் சேர்த்து, வேறு பள்ளிகளிலிருந்து மாறிவந்த ஆட்டக்காரர்கள் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால், அந்த அணி ஒரு பிரிவு மேலே தள்ளப்படும். 1972-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு இணங்க எல்லாப் பள்ளிகளுக்கும் இந்த விதி பொது. எண்ணிக்கைப்படி மிகச் சிறிய பள்ளிகளுக்கான 1ஏ பிரிவில் இருக்க வேண்டிய அலிக்விப்பா, தானே விரும்பி மேல் பிரிவில் ஆடியதாலும், பிறகு இந்த விதிப்படி வென்று வென்றும், 4ஏ வரை வந்துவிட்டது. 2021-இலும் 2023-இலும் அந்தப் பிரிவின் மாநிலச் சாம்பியனும் ஆனது. 2023 இறுதிப் போட்டியில் டாலஸ் என்ற பள்ளியை 60-14 என்று வென்றது. அதன் விளைவாக 5ஏ-வுக்குப் போக வேண்டும் என்று சங்கம் உத்தரவிட்டபோது, தங்கள் பிள்ளைகளின் உடல் பாதுகாப்பு என்னாவது என்று கேட்டுப் பள்ளி மாவட்டம் நீதிமன்றம் போனது. 2024-இல் அந்த ஊர் இருக்கும் பீவர் மாவட்டத்தின் நீதிமன்றம் சங்கத்தின் உத்தரவுக்குத் தடை வழங்கியதால் அணி 4ஏ-விலேயே நின்றது.

அந்தச் செய்தியைப் படித்த நாளில், முழங்காலில் கையூன்றி நின்ற என் மகனின் உருவம்தான் மனத்தில் வந்தது. எல்லை இல்லாத பள்ளிகளைக் கட்டுப்படுத்தக் கொண்டுவந்த விதி, எல்லைக்குள் அடைபட்ட ஓர் ஏழை ஊரைப் பிடித்துக்கொண்டது. அக்கம்பக்கத்துப் பள்ளிகளின் பெற்றோர் சிலர், அலிக்விப்பாவில் ஆடுவதற்காகவே குடும்பங்கள் அங்கே குடிமாறுகின்றன என்று என்னிடம் குறைபட்டதுண்டு. அப்படி நடப்பதாகவே வைத்துக்கொள்வோம். குடிமாறும் குடும்பம் அந்த ஊரில் வாடகை கொடுத்து, அந்த ஊரின் சாலையில் நடந்து, அந்த ஊரின் குறைகளையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறது. பேருந்தில் ஏறி வந்து ஆடிவிட்டு மாலையில் தன் ஊருக்குத் திரும்புவதும் அதுவும் ஒன்றாகுமா?

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பென் ஹில்ஸ் வெங்கடேசுவரர் கோயிலில் தரிசனம் முடிந்து புளியோதரையோடு உட்கார்ந்திருந்தபோது, மதுரைக்காரரான நண்பர் ஒருவரிடம் கொட்டித் தீர்த்தேன். அவருடைய மகன் படிப்பது கத்தோலிக்கப் பள்ளியில். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்ன பதிலை இங்கே மறைக்காமல் எழுதுவதே நேர்மை. "அண்ணா, நாங்களும் சொத்துவரி கட்டுகிறோம், அதற்கு மேல் கட்டணமும் கட்டுகிறோம். எங்கள் பையனுடைய அணி போன வருடம் ஒரே ஒரு ஆட்டத்தில்தான் ஜெயித்தது. நீங்கள் சொல்கிற பெரிய பள்ளிகள் நாலைந்து இருக்கும். மற்ற தனியார் பள்ளிகளெல்லாம் பதினொரு பேரை நிறுத்தவே திண்டாடுகின்றன. எங்களை ஒதுக்கிவிட்டால் ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அவர் சொன்னது உண்மை. தனி இறுதிச்சுற்று வேண்டும் என்று அதுவரை உரக்கச் சொல்லிவந்த நான், அதன் பிறகு அவ்வளவு உறுதியாகச் சொல்வதில்லை.

மற்ற மாநிலங்கள் இதை வெவ்வேறு விதமாகக் கையாண்டிருக்கின்றன. டெக்சஸ் கிட்டத்தட்ட முழுவதுமாகப் பிரித்துவிட்டது. அங்கே அரசுப் பள்ளிகளின் சங்கத்தில் இடம்பெற்றிருக்கும் பெரிய தனியார் பள்ளிகள் டாலஸிலும் ஹூஸ்டனிலும் உள்ள இரண்டு இயேசு சபைப் பள்ளிகள் மட்டுமே. நியூ ஜெர்சியில் அரசுப் பள்ளிகளுக்கும் மற்றவற்றுக்கும் தனித்தனிக் கோப்பைகள். இல்லினாய் 2005 முதல் எல்லை இல்லாத பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கையை 1.65 ஆல் பெருக்கிப் பிரிவை முடிவு செய்யத் தொடங்கியது. டென்னசியில் கதை உச்ச நீதிமன்றம் வரை போனது: 1997-இல் பிரெண்ட்வுட் அகாடமி என்ற தனியார் பள்ளியின் ஃபுட்பால் பயிற்சியாளர், அங்கே சேரவிருந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வசந்தகாலப் பயிற்சிக்கு வரலாம் என்று கடிதம் எழுதினார். அது ஆள்சேர்ப்பு விதியை மீறியது என்று மாநிலச் சங்கம் 3,000 டாலர் அபராதம் விதித்து, இறுதிச்சுற்றுகளில் ஆடவும் தடை போட்டது. பேச்சுரிமை பறிபோனதாகப் பள்ளி வழக்குத் தொடுத்தது. 2001-இல் ஒரு கேள்வியையும் 2007-இல் இன்னொரு கேள்வியையும் விசாரித்த உச்ச நீதிமன்றம், முடிவில் சங்கத்தின் விதி செல்லும் என்றது. ஒரு கடிதத்துக்காகப் பத்து ஆண்டுகள்! ஆள்சேர்ப்பைத் தடுக்கும் விதிகளைக் காகிதத்தில் எழுதுவது எளிது, மெய்ப்பிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இந்த வழக்கைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது எங்கள் பக்கத்து மாநிலமான ஒஹையோவின் வழி. அங்கே மூன்று முறை தோற்ற யோசனை, 2014-இல் பள்ளிகளின் வாக்கெடுப்பில் வென்று, 2017 முதல் நடைமுறைக்கு வந்தது. அணியில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளையும் எங்கிருந்து வந்தவன் என்று பார்க்கிறார்கள். வழக்கமாக அந்தப் பள்ளிக்கு வரும் வட்டத்துக்கு வெளியிலிருந்து வந்தவனாக இருந்தால், அவனுக்காகப் பள்ளியின் எண்ணிக்கையோடு கூடுதல் எண் சேர்க்கப்படுகிறது. அப்படிச் சேர்ந்தால் பள்ளி பெரிய பிரிவுக்குப் போகும். இதில் ஊரைப் பழிப்பது இல்லை, வெற்றியைத் தண்டிப்பதும் இல்லை. என் நண்பரின் மகன் பள்ளியைப் போன்ற சிறிய பள்ளிக்குச் சுமை குறைவு. ஒரு மாகாண அளவுக்கு வலை வீசும் பள்ளிக்குச் சுமை அதிகம். ஒஹையோவில் இதன் பிறகும் கத்தோலிக்கப் பள்ளிகள் வெல்கின்றன. லேக்வுட்டின் செயின்ட் எட்வர்ட் 2021 முதல் 2023 வரை தொடர்ந்து மூன்று முறை மிகப் பெரிய பிரிவின் கோப்பையை வென்றது. மேலே போக இன்னொரு பிரிவு இல்லாத பள்ளியை எந்தக் கூட்டலாலும் நகர்த்த முடியாது என்பது இந்த முறையின் குறை, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பென்சில்வேனியாவின் சூத்திரம் எத்தனை ஆட்டம் வென்றாய் என்று கேட்கிற இடத்தில், ஒஹையோ யாரை எங்கிருந்து கூட்டி வந்தாய் என்று கேட்கிறது. கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

சென்ற மாதம் எங்கள் பகுதியின் மாநிலச் சட்டமன்ற உறுப்பினருக்கு இரண்டு பக்கக் கடிதம் ஒன்று அனுப்பினேன். தனி இறுதிச்சுற்று வேண்டும் என்று அதில் கேட்கவில்லை. ஒவ்வொரு பள்ளியும் தன் அணியில் எத்தனை பிள்ளைகள் எந்தப் பள்ளி மாவட்டத்திலிருந்து வருகிறார்கள் என்ற எண்ணிக்கையை, பிள்ளைகளின் பெயர் இல்லாமல், ஆண்டுதோறும் வெளியிடட்டும். பிரிவை அந்த எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யட்டும். அதற்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நின்றால் சட்டத்தைத் திருத்தட்டும் என்று எழுதினேன். அனுப்புவதற்கு முன் மதுரை நண்பரிடம் படித்துக் காட்டினேன். ஒரு வரியை மாற்றச் சொன்னார், மாற்றினேன். பிறகு அவரும் தன் பெயரைக் கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.