கடைவரிசைக்குள் ஒரு சைகோன்

அமெரிக்கப் புறநகரில் குறைந்த செலவில் நல்ல சாப்பாடு வேண்டுமென்றால், சலவைக்கடைக்கும் நகப்பூச்சுக் கடைக்கும் நடுவே பெயர்ப்பலகை மங்கிக் கிடக்கும் ஸ்ட்ரிப் மால் (சாலையோரக் கடைவரிசை) உணவகத்தைத்தான் நான் முதலில் தேடுவேன். வாடகை குறைவு என்பதாலும், வருகிறவர்களில் பலர் சொந்த ஊர்க்காரர்கள் என்பதாலும், அங்கே சமைப்பவர் பிறர் நாக்குக்காகத் தம் காரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வர்ஜீனியா மாநிலத்தின் ஃபால்ஸ் சர்ச்சில் உள்ள ஈடன் சென்டர் என்ற வியட்நாமியக் கடை வளாகம் இதற்கு நல்ல சான்று. 1975-இல் தென் வியட்நாமின் தலைநகரான சைகோன் வீழ்ந்தபின் வந்த வியட்நாமியர் பலர், மெட்ரோ ரயில் பணிகளால் வாடகை குறைந்திருந்த, அருகிலுள்ள கிளாரண்டன் பகுதியில் கடை வைத்தார்கள்; பணி முடிந்து வாடகை ஏறியதும், அவர்களில் பலர் 1980-களில் ஈடன் சென்டருக்கு இடம்பெயர்ந்தார்கள். வளாகத்தில் இன்றும் பழைய தென் வியட்நாமின் மஞ்சள் கொடி பறக்கிறது.

எல்லோரும் ஃபோ என்னும் வியட்நாமிய நூடுல்ஸ் சூப்பைக் கேட்கிறார்கள். நானோ எலுமிச்சைப்புல்லும் இறால் விழுதும் மணக்கும், மாட்டிறைச்சியும் பன்றிக்காலும் சேர்ந்த பூன் போ ஹுவே சூப்பையே கேட்பேன்; அதன் காரம் நமக்கு அந்நியமாகத் தோன்றாது. எந்தக் கடை என்று குழம்பினால், உணவுப் பட்டியல் சுருக்கமாகவும், மேசைகளில் பாட்டி தாத்தாக்கள் பேரப்பிள்ளைகளோடும் இருக்கும் இடத்துக்குள் நுழைகிறேன். ஞாயிறு மதியம் வண்டி நிறுத்த இடம் தேடுவது தனித் தவம், காலையிலேயே போய்விடுங்கள்.