நொண்டல் நின்னுடுச்சுன்னு உடனே சேணம் போட்டுடாதீங்க

எங்ககிட்ட இருக்கறது மார்வாரி பெட்டைக்குதிரை, அந்தியூர் சந்தையில வாங்குனது. முன்னங்கால் டெண்டன் (தசையை எலும்போட சேக்குற தசைநார்) கிழிஞ்சு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, இப்பதான் கேன்டர் (நிதானமான ஓட்டம்) போக ஆரம்பிச்சிருக்கா. சந்தோஷம்தான், ஆனா நடுவுல பட்ட பாடு இன்னும் ஆறல.

முதல்ல வந்த டாக்டர் காலைத் தடவிப் பாத்துட்டு "சுளுக்குதாங்க, ரெண்டு மாசம் கட்டி வைங்க, அப்புறம் ஓட்டலாம்"னு வலி ஊசி போட்டுட்டுப் போயிட்டார், அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்னு ஒரு வார்த்தை சொல்லல. முட்டிக்குக் கீழ காலோட பின்பக்கம் வில்லு மாதிரி புடைச்சு சூடா இருந்தா டெண்டன்னு சந்தேகப்படுங்க, யார் சுளுக்குன்னு சொன்னாலும் ஸ்கேன் கேளுங்க. பக்கத்து லாயக்காரர் ஒருத்தர் கம்பியைக் காய வச்சு சூடு போட்டா சரியாயிடும்னு ஒத்தைக்கால்ல நின்னார், நாங்க விடவே இல்ல. சூடு போட்டா தோல்தான் வேகும், உள்ள கிழிஞ்ச நார் ஆறாது, வாயில்லா ஜீவனுக்கு வலி மேல வலி.

ஸ்கேனுக்கு அலைஞ்சதுதான் கொடுமை. போன்ல கேட்டப்ப "ஸ்கேன் இருக்கு, கொண்டு வாங்க"ன்னாங்க, நம்பி வண்டி பிடிச்சு, ரெண்டு முன்னங்காலுக்கும் பாண்டேஜ் கட்டி, மெதுவா ஓட்டச் சொல்லி கொண்டு போனா அங்க இருந்தது வயிறு பாக்குற வளைஞ்ச ப்ரோப் (உடம்பு மேல வச்சுப் பாக்குற ஸ்கேன் கருவி). காலுக்கு லீனியர் ப்ரோப், அதாவது முனை நேரா இருக்கறது வேணும், அது ரிப்பேராம், இதை போன்லயே சொல்லக் கூடாதா? நொண்டுற குதிரையை வெயில்ல நிக்க வச்சு திருப்பி ஏத்திட்டு வந்தோம். அப்புறம் ஒரு வழியா ஸ்கேன் எடுத்துதான் டெண்டன் கிழிஞ்சது உறுதியாச்சு. அதனால நீங்க போன் பண்றப்ப "லீனியர் ப்ரோப் இருக்கா, இன்னைக்கு வேலை செய்யுதா, டெண்டன் பாக்கத் தெரிஞ்ச டாக்டர் இருப்பாரா"ன்னு மூணையும் கேட்டுட்டு வண்டி பிடிங்க.

ஆரம்பத்துல கால்ல தண்ணி பீய்ச்சுறது, பாண்டேஜ், கையில பிடிச்சு நடத்துறது எல்லாம் பிரச்சனை இல்லாம போச்சு. கொள்ளும் ஓட்ஸும் நிறுத்திட்டு காஞ்ச புல்லு மட்டும் போட்டோம். வேலை இல்லாம கட்டிக் கிடக்கற குதிரைக்கு தானியம் போட்டா திமிறும், வயித்துவலி வேற வரும். நடத்துறப்பவும் வெறும் கயிறு போதாது, கடிவாளம் போடுங்க, ஒரு துள்ளல்ல மாசக்கணக்குல ஆறுனது போயிடும். நடத்துற தரை சமமா, கொஞ்சம் கெட்டியா இருக்கணும், ஆழமான மணல் வேண்டவே வேண்டாம், டெண்டன் இழுபடும்.

ரெண்டு மாசம் கழிச்சு நொண்டல் சுத்தமா இல்ல, வீக்கமும் வத்திடுச்சு, ரைடிங் சொல்லிக் குடுக்கறவரு "இன்னும் என்னங்க யோசனை, ஏறுங்க"ன்னு தினமும் நச்சரிச்சார். நாங்க பிடிவாதமா இன்னொரு ஸ்கேன் எடுத்தோம், வெளிய அவ்வளவு அழகா இருந்த கால்ல டெண்டன் நடுவுல கறுப்பு ஓட்டை, அதாவது நார் கிழிஞ்சு இன்னும் ஆறாத இடம், அப்படியே தெரிஞ்சுது. அன்னைக்கு ஏறியிருந்தா குதிரை போயிருக்கும்! வலி சீக்கிரம் போயிடும், நார் ஆற 9 மாசத்துலேர்ந்து ஒரு வருஷம், சில சமயம் அதுக்கும் மேல ஆகும். முதல்ல உருவாகுற நார் தாறுமாறா பலமில்லாம இருக்கும், கொஞ்சம் கொஞ்சமா வேலை குடுத்தாதான் அது நேரா அமையும். அதனால நடையிலேர்ந்து ட்ராட் (துள்ளு நடை), ட்ராட்லேர்ந்து கேன்டர்னு ஒவ்வொரு படிக்கு முன்னாடியும் ஸ்கேன் எடுங்க, வலி மருந்து குடுத்துட்டு நடை நல்லா இருக்கான்னு பாக்காதீங்க. ட்ராட் 5 நிமிஷத்துல ஆரம்பிச்சு நேர்கோட்டுல மட்டும் விட்டோம், நீளக் கயித்துல பிடிச்சு வட்டமா ஓட விடுற லஞ்சிங்கை இன்னும் தொடல.

லாடம் அடிக்கறவரை தள்ளிப் போடாதீங்க, குளம்பு முன்பக்கம் நீளமா வளந்தா காலுக்கு சுமை கூடும். அப்புறம் ஸ்கேன் படத்தையும் கையோட கேட்டு வாங்குங்க, எங்களுக்கு முதல்ல பேப்பர்ல ரெண்டு வரிதான் எழுதிக் குடுத்தாங்க, அடுத்த டாக்டர் ஒப்பிட்டுப் பாக்க பழைய படம் கேட்டதும் அதுக்காக திரும்ப அங்க போய் காத்துக் கிடந்தோம்.