தண்ணீர் டப்பா

கோவை கணபதியில் ஒரு சின்ன லேத் பட்டறையில்தான் தொழில் பழகினேன். பெரும்பாலும் பம்ப் ஷாஃப்ட் வேலை. முதல் ஆறு மாதம் கையில் ஹெச்.எஸ்.எஸ் எனும் அதிவேக எஃகு டூல் மட்டும். கிரைண்டரில் பிடி, விரல் சுட்டால் பக்கத்து டப்பாத் தண்ணீரில் முக்கு, மறுபடி பிடி. கை அதற்கே பழகிவிட்டது.

ஒருநாள் மேஸ்திரி அண்ணன், எஃகுத் தண்டில் கார்பைடு எனும் மிகக் கடினமான பொருளை முனையாகப் பற்றவைத்த டூலைக் கொடுத்து, பச்சைக் கல்லில் தீட்டச் சொன்னார். தீட்டினேன், சுட்டது, முக்கினேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம். முனையில் தலைமுடி போல ஒரு கோடு.

“ஏந்தம்பி, இதென்ன ஹெச்.எஸ்.எஸ்ஸா, தண்ணில முக்கறதுக்கு? தானா ஆறட்டும் உடு.”

கார்பைடு சூட்டில் விரிவது, அதைத் தாங்கும் எஃகில் ஏறக்குறையப் பாதிதான். திடீரென்று குளிர்ந்தால் இரண்டும் ஒரே அளவில் சுருங்காது. விரிசல் கார்பைடில்தான் விழும். வளைந்துகொடுக்கத் தெரியாதது அதுதானே.

அடுத்த தப்பு வேகத்தில். 40 மி.மீ. விட்டமுள்ள இ.என்.8 எஃகு ஷாஃப்டை, பழைய பழக்கத்தில் 250 ஆர்.பி.எம்மில் ஓட்டினேன். வெட்டும் வேகம் நிமிடத்துக்கு 31 மீட்டர், ஹெச்.எஸ்.எஸ்ஸுக்குப் பொருத்தம். மெதுவாக ஓட்டினால் டூல் தேயாது என்று நினைப்பு. ஜாப், அதாவது கடைகிற துண்டு, சொரசொரவென்று வந்தது. லென்ஸில் பார்த்தால் முனையில் பளபளவென்று ஒரு கட்டி. ஷாஃப்டின் இரும்பே அழுந்தி ஒட்டியிருக்கிறது! அது பிய்ந்து போகும்போதெல்லாம் கார்பைடையும் கொஞ்சம் பிய்த்துக்கொண்டு போகும். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் லீவரை 1000க்குத் தள்ளினார். நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன். சுருள் நீலமாகத் தெறித்தது, ஜாப் மினுங்கியது.

“நீலமா வருதா? சூடு சுருளோட போகுதுன்னு அர்த்தம்.”

அதற்காக இஷ்டத்துக்கு ஏற்றவும் முடியாது. 1900களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் டெய்லர் கண்ட, வெட்டும் வேகத்தையும் டூல் ஆயுளையும் இணைக்கும் சூத்திரத்தைக் கார்பைடுக்குப் போட்டுப் பார்த்தால், வேகத்தில் 20 சதவீதம் கூட்டினாலே டூலின் ஆயுள் சுமார் பாதியாகிவிடும். பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவனிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது தனிப் பாடு.

இப்போது கணினி ஓட்டும் சி.என்.சி. மெஷினில் இருக்கிறேன். போன மாதம் ஒரு மெஷினில் மட்டும் இன்செர்ட், அதாவது கழற்றி மாட்டும் கார்பைடு முனை, அடிக்கடி கெட்டுப்போனது. மற்ற மெஷினில் அதே கிரேடு, அதே வேகம், அதே ஜாப். கிரேடு சரியில்லை என்று சப்ளையரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். லென்ஸை வைத்தேன். வெட்டும் விளிம்புக்குக் குறுக்கே, சீப்புப் பல் போல வரிசையாக விரிசல். நின்று பார்த்தேன். முனையைக் குளிர்விக்கும் கூலன்ட் தண்ணீர் ஒரு நேரம் பீய்ச்சுகிறது, ஒரு நேரம் சொட்டுகிறது. சூடேறிய முனையில் தண்ணீர், மறுபடி சூடு, மறுபடி தண்ணீர்.

கூலன்ட் வரும் நாசிலைக் கழற்றி ஊதினேன். உள்ளே பொடிச் சுருள் அடைத்திருந்தது.